விரல் நீட்டுமுன் எடுத்த மூச்சு

நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தின் மேல்மாடி. கீழே இரசாயனவியல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மேலே நாங்கள் ஏழு பேர் மேசையில் இமயமலையை விரித்துவைத்திருந்தோம். மின்விசிறி திரும்பும்போதெல்லாம் வரைபடத்தின் மூலை எழும்பி, ஒரு சிகரம் இன்னொரு சிகரத்தின் மேல் மடிந்து விழுந்தது.

தர்சினி ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள். பண்டத்தரிப்பைச் சேர்ந்தவள், ஆஸ்பத்திரித் தாதி, வயது முப்பத்தைந்து. கூட்டாளிகளோடு இரண்டு முறை நேபாளத்துக்குப் போய் அடிவார முகாம்வரை நடந்துவிட்டு வந்தவள். இப்போது அவர்களுக்கு நடை போதவில்லை. கயிறு கட்டி, வழிகாட்டியோடு, ஆறாயிரம் மீற்றர்ச் சிகரம் ஒன்றில் ஏறவேண்டும். முதல் ஏற்றம். அதற்குத் திட்டம் போட்டுத்தரத்தான் ஓய்வுபெற்ற என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

தாளில் கேள்விகள் இருந்தன. தலையிடி உண்டா, இருமல் உண்டா, நித்திரை வந்ததா. பக்கத்தில் ஓம், இல்லை என்று இரண்டு பெட்டிகள்.

"உதை ஆர் நிரப்பிறது?" என்று கேட்டேன்.

"ஏறுற ஆக்கள்தான் அண்ணை. ஒவ்வொரு நாளும் விடிய."

"அப்ப எல்லாரும் இல்லை எண்டுதான் போடுவினம்."

"எங்கடை ஆக்கள் பொய் சொல்லுவினம் எண்டுறீங்களோ?"

"பொய் இல்லைப் பிள்ளை. ஆசை."

அவள் அடுத்த தாளை எடுத்தாள். அது பெயர்ப் பட்டியல். முதல் வரியில் 'அடிவார முகாம் பொறுப்பு: யோசப்' என்று இருந்தது. யோசப் நான்தான், அதை எழுதியவனும் நான். கொஞ்ச நேரம் அந்த வரியில் கண்ணை வைத்திருந்துவிட்டு, 'பிறகு பாப்பம்' என்று சொல்லித் தாளைக் கவிழ்த்தாள். என்ன பிறகு? எதைப் பாப்பம்? சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அந்த இரண்டு சொல்லும் சில்லில் சிக்கிய துணிபோலக் கூடவே சுற்றின.

சந்தேகப்படுவது என் தொழில். நான் மலையைத் தேடிப் போனவன் அல்லன். குருநகரில் பிறந்தவன், சுழியோடியின் மகன். அப்பா கடலுக்கடியில் சங்கும் கடலட்டையும் எடுத்தவர். இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் உயரம் என்றால் தண்ணீர்த் தாங்கியும் ரெலிபோன் கோபுரமும்தான். சண்டைக் காலத்தில், இருபத்துநாலு வயதில், கனடாவுக்கு என்று சொல்லி ஏற்றிய ஏஜென்ற் காத்மண்டுவில் ஒரு லொட்ஜில் இறக்கிவிட்டான். நாளைக்கு வாறன் என்றான். இருபத்தேழு வருடம் நின்றேன். அவன் வரவில்லை. நான் ஒரு மலைநடைக் கம்பனியின் சமையற்கூடாரத்தில் பாத்திரம் கழுவத் தொடங்கி, சுமை தூக்கி, உதவி வழிகாட்டியாகி, கடைசியில் பயணத் திட்டம் போடுகிறவனாய் மேசைக்கு வந்தேன். சந்தேகம் மட்டும் முதல் நாள் லொட்ஜில் படுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

அந்தச் சந்தேகத்துக்கு ஒழுங்கு கற்பித்தவர் பெம்பா. எங்கள் சர்தார், அதாவது வழிகாட்டிகளுக்கெல்லாம் தலைவர். ஒல்லியான மனிதர். கதைக்கும்போது உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார், உங்கள் சப்பாத்தைப் பார்ப்பார். எப்படி இருக்கிறாய் என்று ஒருவரையும் கேட்காதே என்பார். கேட்டால் பதில் வரும், அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய் என்பார்.

அவருடைய முறை தேநீர். சமையற்கூடாரத்துக்கும் சாப்பாட்டுக் கூடாரத்துக்கும் இடையில் இருபது அடி, கல் பரவிய நிலம். காலையிலும் பின்னேரத்திலும் ஒவ்வொருவரும் தன் கோப்பையைத் தானே வாங்கிக்கொண்டு போகவேண்டும். கோப்பை விளிம்புவரை நிறைந்திருக்கும். பெம்பா ஒரு கல்லில் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து கயிறு சுற்றுவார். பார்க்காததுபோல இருக்கும். யார் சிந்துகிறான், யார் கல்லைத் தாண்டக் காலைத் தேடுகிறான், யார் மூன்றடிக்கு ஒருதரம் நின்று மலையை இரசிக்கிற பாவனையில் மூச்சு வாங்குகிறான் என்பதெல்லாம் அவருடைய முதுகுக்குத் தெரியும். உயரம் மூளையைத் தொட்டால் முதலில் போவது கால். நெஞ்சைத் தொட்டால் முதலில் போவது பேச்சு. ஒருமுறை ஒரு வெள்ளைக்காரர், முகாமில் தேநீர் பரிமாற ஆளில்லை என்று கம்பனிக்கு முறைப்பாடு எழுதினார். மன்னிப்புக் கடிதம் நான்தான் எழுதினேன். பெம்பா தேநீரை மாற்றவில்லை.

பிறகு கொரோனா வந்து போனது. அதோடு விரலில் கொழுவுகிற அந்தச் சின்ன மெசின் மலைக்கும் வந்தது, கொழுவி என்று அதற்கு நாங்கள் வைத்த பெயர். இரத்தத்தில் ஒக்சிசன் நூற்றுக்கு எவ்வளவு என்று சிவப்பு எழுத்தில் காட்டும். எல்லோரையும் சந்தேகித்த நான் அதைச் சந்தேகிக்கவில்லை. எண் இருக்கும்போது எதற்குத் தேநீர் என்று நினைத்தேன்.

அந்த வருடம்தான் கம்பனி எனக்கு முதல்முறையாக ஒரு சிகரம் தந்தது. ஆறாயிரத்துச் சொச்சம் மீற்றர். ஏறப்போகிறவர்கள் ஆறு பேர், எல்லோரும் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். முந்திய வருடம் என்னோடு அடிவார முகாம்வரை நடந்தவர்கள், ஏறியதில்லை. எட்டு மாதம் திட்டம் போட்டேன். எங்கே ஏறுவது, எங்கே இறங்கிப் படுப்பது, எத்தனை நாளுக்கு ஒரு நாள் ஓய்வு, காற்றுக்கென்று எத்தனை உதிரி நாள், சிகரத்துக்கு ஐம்பது அடி இருந்தாலும் எத்தனை மணிக்குத் திரும்பவேண்டும் என்றெல்லாம். வைத்தியச் சான்றிதழ் கேட்டேன். ஆறும் ஒரே நாளில், ஒரே பேனாவில், ஒரே இரத்த அழுத்தத்தோடு வந்தன. திருப்பி அனுப்பினேன். இரண்டாம் முறை இரத்த அழுத்தம் மட்டும் ஆளுக்காள் மாறியிருந்தது. மூன்றாம் முறை நானே யாழ்ப்பாணம் வந்து, ஒவ்வொருவராய்க் கூட்டிக்கொண்டுபோய் டொக்டருக்கு முன்னால் இருத்தினேன்.

பயிற்சிக்குச் சரிவு இல்லை. கோட்டை மதிலில் மண் நிரப்பிய வாளியோடு ஏறி இறங்கவிட்டேன். சாவகச்சேரியிலிருந்து வந்த சிவகௌரி ரீச்சர், ஐம்பத்தாறு வயது, முதுகில் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு ஏ-ஒன்பது வீதியில் தினமும் நடந்தார். பழைய மாணவர்கள் பஸ்ஸிலிருந்து எட்டி, ரீச்சர் பஸ்ஸை விட்டிட்டியளோ என்று கேட்பார்களாம். இல்லை, பஸ்தான் என்னை விட்டிட்டுது என்பாராம்.

முடிச்சுப் போடப் பழக்கிய நாளில் நான் வாயை மூடிக்கொண்டேன். அருளப்பு எனக்குப் பழக்கினான். குருநகரான், நாற்பத்துநாலு வயது, இன்னமும் கடலுக்கடியில் போய்வருகிற சுழியோடி. என் அப்பாவின் தொழில். புத்தகத்தில் நாலு படம் போட்டு விளக்கியிருந்த முடிச்சை அவன் முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு போட்டான். உனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டேன்.

"என்ரை ஆயுள் முழுக்கக் கீழை போனனான் அண்ணை. ஒருக்கா மேலை போய்ப் பாக்கவேணும்."

இதைவிடச் சுத்தமான காரணத்தை நான் அந்தத் தொழிலில் கேட்டதில்லை. அதனாலேயே அவனைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

காத்மண்டுவில் அவனுக்குத் தடிமன் பிடித்தது. மூன்றாம் நாள் மாறிவிட்டது என்றான். ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் எல்லோருடைய விரலிலும் மெசினைக் கொழுவி, நீல அப்பியாசக் கொப்பியில் எண்களை எழுதினேன். நாலாயிரத்துத் தொளாயிரம் மீற்றரில் அடிவார முகாம். ரீச்சருக்கு எழுபத்தாறு. மற்றவர்களுக்கு எண்பதைச் சுற்றி. அருளப்புவுக்கு எண்பத்தெட்டு. எனக்கு எண்பத்தேழு. குருநகர் ஆக்களுக்கு நெஞ்சுக்குள்ளை இன்னொரு நெஞ்சு கிடக்குது என்று ரீச்சர் பகிடி விட்டார்.

அருளப்பு இருமினான். தூசி என்றான். பனியில் என்ன தூசி? நடையில் முன்னுக்குப் போகிறவன் இப்போது கடைசியில் வந்தான், ஆனால் எண் எல்லோரிலும் நல்ல எண். இரண்டும் பொருந்தவில்லை. பொருந்தாத இடத்தில் ஒரு பொய் படுத்திருக்கும் என்பது என் அனுபவம். களவாக மாத்திரை போடுகிறான் என்று முடிவுகட்டினேன். உயரத்தின் நோயை மறைத்து ஆளை நிமிர்த்திவைக்கிற மாத்திரைகள் உண்டு. நிமிர்ந்து ஏறுவான், மேலே போய் விழுவான்.

ஓய்வு நாளன்று எல்லோரும் பக்கத்துப் பனிச்சரிவில் பெம்பாவோடு கயிறு பழகிக்கொண்டிருந்தார்கள். அருளப்பு கீழே ஒரு கல்லில் இருந்து மற்றவர்களுக்கு முடிச்சுச் சரிபார்த்தான். நான் அவனுடைய கூடாரத்துக்குள் புகுந்து பையைத் திறந்தேன்.

ஒடியல் மா ஒரு பொதி. நல்லெண்ணெய் ஒரு சின்னப் போத்தல். ஒரு செபமாலை. மூக்குத் துடைக்கிற லேஞ்சி இரண்டு, ஒன்றில் துருவின் நிறத்தில் கறை. மாத்திரை இல்லை. எல்லாப் பொக்கற்றையும் தடவினேன். இல்லை. லேஞ்சியை மறுபடி பார்த்தேன். வெற்றிலைக் கறை என்று நினைத்தேன். எங்கள் கரையில் பாதி ஆம்பிளைகள் வெற்றிலை போடுகிறவர்கள். எந்த மடிப்பில் இருந்ததோ அந்த மடிப்பிலேயே வைத்து மூடினேன்.

அன்று பின்னேரம் பெம்பா என்னிடம் வந்தார். உங்கள் ஊர்க்காரன் தேநீருக்கு வரவில்லை, வேறொருவன் வாங்கிக்கொண்டு போனான் என்றார். நான் நீலக் கொப்பியைத் திறந்து எண்பத்தெட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் என் விரலைப் பார்த்தார், கொப்பியைப் பார்க்கவில்லை. திரும்பிச் சுமைகாரர்களின் கூடாரத்துக்குப் போனார்.

என் சந்தேகம் ரீச்சரின் பக்கம் திரும்பியது. எழுபத்தாறு. நாளை உயர முகாமுக்கு நீங்கள் வரவேண்டாம், இங்கேயே நில்லுங்கள் என்று சொன்னேன். அவர் கையில் தேநீர் இருந்தது. விளிம்புவரை, ஒரு துளி சிந்தாமல்.

"நிக்கச் சொன்னா நிக்கிறன் தம்பி. ஆனா உங்கடை மெசின்தான் என்னைப் பாக்குது. நீங்கள் பாக்கேல்லை."

மறுநாள் விடிந்து வெயில் கூடாரங்களைத் தொட்டபோது புறப்பட ஆயத்தமானோம். விரல் பார்க்கிற நேரம். கொழுவியோடு அருளப்புவைத் தேடிக்கொண்டு சமையற்கூடாரத்தின் பின்பக்கம் போனேன். அவன் அங்கே குந்தியிருந்தான். கைகள் முழங்காலில். வாயைக் குவித்து மூன்று குறுமூச்சு, பிறகு ஒரு நெடுமூச்சு. தோள் இரண்டும் காதுவரை உயர்ந்து, நின்று, இறங்கின. மறுபடி மூன்று. மறுபடி ஒன்று.

இதை நான் முன்பு கண்டிருக்கிறேன். நாற்பது வருடத்துக்கு முன், வள்ளத்தின் விளிம்பில், என் அப்பா. கடலுக்குள் இறங்க முன் மூச்சு ஏற்றுவது என்று அதற்குப் பெயர். ஏற்றிய மூச்சு ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ நிற்கும். ஒரு சங்கை எடுக்க அது போதும். ஒரு மெசினை ஏமாற்றவும் அது போதும். இதை ஒரு வெள்ளைக்கார டொக்டர் கண்டுபிடிக்காமல் விடலாம். நான் எப்படி விட்டேன்?

அவன் எழும்பி வந்தான், விரலை நீட்டியபடி. நான் கொழுவியைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"விரல் பிறகு. முதல் கதை."

"என்னத்தைக் கதைக்க?"

"நீ முதல்முதல் சுழியோடின நாளைச் சொல்லு."

"அது அண்ணை... பாசையூர்ப் பக்கம்... அப்பரின்ரை வள்ளம்... எனக்கு அப்ப..."

சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினான். இரண்டு நிமிடம் கதைக்கவிட்டேன். அவன் நெஞ்சுக்குள்ளிருந்து, ஈரச் சேற்றில் காலை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கொழுவினேன். அறுபத்தாறு. இத்தனை நாளில் அவன் வெற்றிலை மென்று நான் ஒருநாளும் கண்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. லேஞ்சியில் இருந்த கறை நெஞ்சிலிருந்து வந்த இரத்தம்.

"லேஞ்சியிலை இருக்கிறது எத்தினை நாளா?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "என்ரை பையைத் திறந்தனீங்களோ?"

"ஓம்."

"நான் கள்ளமாய் மூச்சு எடுத்தனான் எண்டா, நீங்கள் ஆர் அண்ணை?"

 கீழே போகிறாய் என்று மட்டும் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்தான். குரல் உயரவில்லை. உயர்த்த அவனிடம் காற்று இல்லை.

"கடலுக்குள்ளை காத்தே இல்லை. இஞ்சை கொஞ்சமாவது கிடக்கு. சமாளிப்பன். என்னை இறக்காதையுங்கோ."

"கடலிலை ரெண்டு நிமிசத்திலை மேலை வந்திடுவாய். இஞ்சை மேலை போகப் போகக் கடல் ஆழமாகுது."

பெம்பா வந்தார். பின்னால் இரண்டு சுமைகாரர்கள் ஒக்சிசன் போத்தலோடு வந்தார்கள். நேற்று இரவே ஆயத்தம் செய்துவிட்டாராம். காலையில் அவனை நானே மறித்திருப்பேன் என்றார். நேற்றே சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னேன், நீ கொப்பியைக் காட்டினாய் என்றார். பிறகு என் கையிலிருந்த கொழுவியை வாங்கினார். இப்போது நீ கதை என்றார். உன் தகப்பனைப் பற்றிச் சொல் என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நேபாள மொழியில் அப்பாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். வள்ளம், விளிம்பு, சங்கு. சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது, வசனத்தின் நடுவில் நான் நிற்பது. இரண்டு நிமிடம் கழித்து விரலில் கொழுவினார். எழுபது.

ஒவ்வொரு தடவையும் மெசினுக்குள் விரலை வைக்க முன் உன் தோள் உயருகிறது, நீயும் அவனும் ஒரே பள்ளிக்கூடம் என்றார் பெம்பா. அவரது குரலில் குற்றச்சாட்டு இல்லை.

எனக்குத் தெரியாது என்றேன். போன கிழமைவரை கேட்டவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொல்லிவந்தேன். உடம்பு தானாகச் செய்தது, சின்ன வயதில் வள்ளத்தில் பார்த்தது ஒட்டிக்கொண்டது என்று. ஆனால் நாலு நாளாய் இடியோடு விடிந்த தலை என் தலைதான். இரண்டு தலையிடி மாத்திரையை ஒருவரும் காணாமல் விழுங்கியது என் தொண்டைதான். அருளப்புவின் பையில் நான் மாத்திரை தேடிக்கொண்டிருந்தபோது மிச்ச மாத்திரைகள் என் சட்டைப் பொக்கற்றில் இருந்தன. எட்டு மாதம் நான் போட்ட திட்டம். அது நான் இல்லாமல் மேலே போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அருளப்புவுக்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கும் அதே காரணந்தான், சொல்ல மட்டும் தைரியம் இருக்கவில்லை.

தேநீர் சிந்தாதவர் ஏறலாம் என்று ரீச்சரை மறித்த என் சொல்லைப் பெம்பா மாற்றினார். ரீச்சரும் மற்ற நாலு பேரும் அவரோடு உயர முகாமுக்கு ஏறினார்கள். நாங்கள் இரண்டு பேரும் இறங்கினோம். முதல் ஒரு மணி நேரம் சுமைகாரர்கள் அவனைத் தாங்கினார்கள். அவன் மூக்கில் ஒக்சிசன் குழாய் இருந்தது. நான் பின்னால் நடந்தேன், அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு. புல் முளைத்த இடத்துக்கு வந்தபோது அவன் உதட்டின் நீலம் கரைந்திருந்தது. குழாயை விலக்கிவிட்டு, அண்ணை என்றான்.

"நாங்கள் ரெண்டு பேரும் கீழை போறதிலைதான் கெட்டிக்காரர்."

பள்ளத்தாக்கின் சின்ன ஆஸ்பத்திரியில் படுத்தான். மூன்றாம் நாள் வோக்கிரோக்கியில் பெம்பாவின் குரல் வந்தது. ஐந்து பேரும் சிகரத்திலிருந்து இறங்கி உயர முகாமில் நிற்கிறார்கள் என்றார். அருளப்பு கையை நீட்டி வாங்கினான். ரீச்சரைக் கூப்பிடச் சொன்னான்.

"ரீச்சர், மேலை என்ன தெரிஞ்சது?"

கரகரப்புக்குள்ளால் ரீச்சர் சொன்னார்: "முகில்தான் தம்பி. கீழை முழுக்க. உங்கடை கடல் மாதிரித்தான் கிடந்தது."

அவன் வோக்கிரோக்கியைத் திருப்பித் தந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

ஒரு மாதத்தில் நான் ஓய்வு கேட்டு எழுதினேன். கம்பனி காரணம் கேட்டது. முழங்கால் என்று எழுதினேன். அது கம்பனிக்கு நான் சொன்ன கடைசிப் பொய். இப்போது குருநகர் இறங்குதுறையில் என்னைக் கண்டால் அருளப்பு தன் மீன்பையை அகல விரித்துப் பிடிக்கிறான். வாங்கோ அண்ணை, வந்து தேடுங்கோ என்கிறான். சுற்றி நிற்கிறவர்களுக்கு விளங்காது. எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கும்.

போன கிழமை மறுபடி நல்லூருக்குப் போனேன். தர்சினியின் கேள்வித்தாளில் இருந்த பெட்டிகளை எல்லாம் வெட்டிவிட்டு வேறு எழுதியிருந்தேன். ஒவ்வொருவரும் தன் தேநீரைத் தானே தூக்கவேண்டும். விரல் பார்க்க முன் இரண்டு நிமிடம் நிற்காமல் கதைக்கவேண்டும். கதைத்து முடிந்த கையோடு, மூச்சு எடுக்க இடம் விடாமல், இன்னொருவர் கொழுவவேண்டும். கொப்பியை ஏறாத ஒருவர் வைத்திருக்கவேண்டும். வழிகாட்டி, பொறுப்பாளர், யாருக்கும் விலக்கு இல்லை. ஏன் என்று கேட்டார்கள். இங்கே எழுதியதை எல்லாம் சொன்னேன். மாத்திரையையும் சொன்னேன்.

சொல்லி முடித்தபோது கீழே வகுப்பு கலைந்து சைக்கிள் மணிகள் கேட்டன. தர்சினி கைப்பையைத் திறந்து கொழுவியை எடுத்தாள்.

"அப்ப நீங்கள் முதல் நீட்டுங்கோ அண்ணை."

"இது கடல்மட்டம் பிள்ளை. தொண்ணூற்றெட்டுத்தான் காட்டும்."

"ஓம், தெரியும். நீட்டுங்கோ."

நீட்டினேன். கொழுவினாள். சிவப்பு எழுத்தில் தொண்ணூற்றெட்டு வந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தோளை இறக்கினேன். அவள் பேனாவை எடுத்து, பட்டியலில் என் பெயர் இருந்த முதல் வரியை ஒரே கோட்டில் வெட்டினாள்.